யேசபேலும் புனிதையும்: மெரோவிஞ்சிய அரசியரின் அதிகாரமும் அவர்தம் நினைவும்

ஆய்வுச்சுருக்கம்

கி.பி. ஆறாம், ஏழாம் நூற்றாண்டுகளில் பிராங்கியர் நாட்டை ஆண்ட மெரோவிஞ்சிய மரபில் புரூன்ஹில்டா, பால்தில்டா என்னும் அரசியர் இருவர் குறிப்பிடத்தக்கவர்கள். இருவரும் அயல்நாட்டில் பிறந்தவர்கள். கணவரை இழந்தபின் சிறுவயது மன்னர்களின் பெயரால் ஆட்சி நடத்தியவர்கள். ஆயர்களை அமர்த்துவதிலும் மடங்களை நிறுவுவதிலும் கைதேர்ந்தவர்கள். இருவரையும் இலத்தீன் நூல்கள் விவிலியத்தின் யேசபேலோடு ஒப்பிட்டுப் பழித்தன. ஆயினும் ஒருவர் அரசரைக் கொன்ற கொடியவராகவும், மற்றவர் திருச்சபை வணங்கும் புனிதராகவும் வரலாற்றில் நிலைபெற்றனர். இவ்வேறுபாட்டுக்கு அவர்தம் செயல்கள் மட்டும் காரணமல்ல என்றும், அவர்களது நினைவைக் காத்து எழுதிய நிறுவனம் இருந்ததும் இல்லாததுமே முதன்மைக் காரணம் என்றும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. ராடெகுண்டா, பிரெடெகுண்டா ஆகியோரின் வரலாறுகள் ஒப்பீட்டுச் சான்றாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பிராங்கியர், மெரோவிஞ்சிய மரபு, அரசியர், காப்பாட்சி, துறவுமடம், புனிதர் வரலாறு, நினைவு.

முன்னுரை

கி.பி. 613ஆம் ஆண்டு, பர்கண்டிப் பகுதியில் வென்ஜான் ஆற்றங்கரையிலுள்ள ரெனெவ் என்னும் ஊரில், ஏறத்தாழ எழுபது வயதை எட்டிய மூதாட்டி ஒருவர் மன்னன் இரண்டாம் குளோத்தாரின் முன் நிறுத்தப்பட்டார். மூன்று நாள் வதைக்கப்பட்டபின், படையினர் காண ஒட்டகத்தின்மேல் ஏற்றி வலம் கொணரப்பட்டார். இறுதியில் தலைமுடியும் ஒரு கையும் ஒரு காலும் அடங்காக் குதிரையின் வாலில் கட்டப்பட்டு இழுத்துக் கொல்லப்பட்டார். அவர்மேல் சாட்டப்பட்ட குற்றம், பிராங்கிய அரசர் பத்துப்பேரின் சாவுக்குக் காரணமானார் என்பதாகும். அவரே நாற்பதாண்டுகளுக்கு மேலாகப் பிராங்கிய அரசியலின் நடுவில் நின்ற புரூன்ஹில்டா.

அதே நாட்டில் ஏறத்தாழ 680ஆம் ஆண்டில், பாரீசுக்குக் கிழக்கேயுள்ள ஷெல் மடத்தில் இன்னொரு முன்னாள் அரசி இயற்கையெய்தினார். சிறிது காலத்தில் அவருடைய புனித வரலாறு எழுதப்பட்டது. அவர் அணிந்ததாகக் கருதப்படும் ஆடை இன்றளவும் ஷெல் நகரில் காக்கப்படுகிறது. அவர் பால்தில்டா.

இவ்விரு முடிவுகளையும் அருகருகே வைத்துக் காண்போர்க்கு, ஒருவர் தீயவர், மற்றவர் நல்லவர் என்னும் முடிவே எளிதில் தோன்றும். நீண்டகால வரலாற்றெழுத்தும் அவ்வாறே கருதியது. 1978ஆம் ஆண்டில் ஜேனட் நெல்சன் எழுதிய கட்டுரை இவ்விருவரையும் ஒன்றாக வைத்து ஆராய்ந்து, அரசியரின் அதிகாரம் எவ்வாறு இயங்கியது என்பதைத் தெளிவுபடுத்தியது. அவ்வாய்வின் வினா அதிகாரம் பற்றியது. ஒத்த அதிகாரத்தை ஒத்த வழிகளில் செலுத்திய இருவரின் நினைவு ஏன் இத்துணை வேறுபட்டது என்பதே இக்கட்டுரையின் வினா.

1. சான்று மூலங்களும் அவற்றின் சார்பும்

இக்காலத்தின் தலையாய மூலம் தூர் நகர ஆயர் கிரெகோரி எழுதிய வரலாறு ஆகும். அவர் 573இல் ஆயரானது புரூன்ஹில்டா, அவருடைய கணவர் சிகிபெர்ட் ஆகியோரின் ஆதரவால். எனவே புரூன்ஹில்டாவை அவர் கண்ணியமாகவே எழுதுகிறார். எதிரணியில் இருந்த பிரெடெகுண்டாவைக் கொலைகளின் சூத்திரதாரியாகக் காட்டுகிறார். கிரெகோரி 594இல் மறைந்தார். புரூன்ஹில்டாவோ மேலும் பத்தொன்பது ஆண்டுகள் வாழ்ந்தார். அவ்வாண்டுகளைப் பற்றி விரிவாக எழுதியவர் அனைவரும் அவர்க்கு எதிரானவர்களே.

அவர்களுள் முதல்வர் விசிகோத்திய மன்னன் சிசெபுட். வியேன் நகர ஆயர் தெசிதேரியுசின் வரலாற்றை எழுதிய அவர், புரூன்ஹில்டாவைத் தீமையின் வடிவமாகச் சித்திரித்தார். அடுத்து, போபியோ மடத்தைச் சார்ந்த யோனாஸ், அயர்லாந்துத் துறவி கொலும்பானுசின் வரலாற்றை ஏறத்தாழ 640ஆம் ஆண்டையொட்டி எழுதியபோது, அரசியை யேசபேலுக்கு நிகராக்கினார். ஏறத்தாழ 660ஆம் ஆண்டளவில் உருவான, பிரெடெகார் பெயரால் வழங்கும் காலவரிசை நூல் யோனாசின் அப்பகுதியைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது. இவை மூன்றும் புரூன்ஹில்டாவின் மரபு வேரறுக்கப்பட்டு, குளோத்தாரின் மரபு நிலைபெற்ற சூழலில் எழுந்தவை என்பது மனங்கொள்ளத்தக்கது.

இவற்றிற்கு மாற்றாக எஞ்சியுள்ளவை மடல்களே. திருத்தந்தை முதலாம் கிரெகோரி புரூன்ஹில்டாவுக்கு எழுதிய மடல்கள் பல கிடைத்துள்ளன. இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட அகுஸ்தீனின் மறைப்பணிக்கு அவர் துணைநின்றதைத் திருத்தந்தை பாராட்டுகிறார். ஆயர் பதவிகள் விலைக்கு விற்கப்படுவதைத் தடுக்குமாறும் வற்புறுத்துகிறார். இம்மடல்களில் தென்படுபவர் குறைநிறைகளுடன் கூடிய ஓர் ஆட்சியாளர். யோனாசின் யேசபேலை அவற்றில் காண இயலாது.

2. அரசி என்னும் நிலை

மெரோவிஞ்சியர் காலத்தில் அரசி என்பது ஒரு பதவி அன்று, ஓர் உறவு. அரசியர்க்கு முடிசூட்டோ திருப்பொழிவோ கிடையாது. பிராங்கிய அரசன் மனைவிக்குத் திருச்சபை வழங்கிய ஆசியைப் பற்றி நாம் முதன்முதலில் அறிவது 754இல், மெரோவிஞ்சிய மரபு அகற்றப்பட்ட பின்னர், பெப்பினின் மனைவி பெர்த்ராடாவின் நிகழ்விலேயே ஆகும். அதற்கு முன்பு மன்னனின் விருப்பமே ஒருத்தியை அரசியாக்கியது. அதே விருப்பம் அவளை நீக்கவும் வல்லதாயிருந்தது.

மன்னர்கள் ஒருத்தியோடு நின்றாரும் அல்லர். தாகோபெர்ட்டுக்கு ஒரே காலத்தில் மூன்று அரசியர் இருந்தனர் என்று பிரெடெகார் நூல் கூறுகிறது. பிறப்பும் தடையாகவில்லை. புரூன்ஹில்டா விசிகோத்திய மன்னன் அதனகில்டின் மகள். பிரெடெகுண்டா அரண்மனைப் பணிப்பெண்ணாய் இருந்து உயர்ந்தவர். பால்தில்டா கடல்கடந்து விற்கப்பட்ட ஆங்கிலோ-சாக்சன் அடிமை. தாயின் குலம் எதுவாயினும் மன்னனுக்குப் பிறந்தவன் மன்னனின் மகனே என்னும் கருத்து கிரெகோரியின் காலத்தில் நிலவியது.

பெண்ணின் மதிப்பு எதனால் அளக்கப்பட்டது என்பதைச் சாலியச் சட்டம் வெளிப்படையாகவே உணர்த்துகிறது. மகப்பேற்றுப் பருவத்திலுள்ள சுதந்திரப் பெண்ணைக் கொன்றவன் 600 சாலிடஸ் பொற்காசு தண்டம் இறுக்க வேண்டும். அப்பருவம் கடந்தவளைக் கொன்றால் 200. அரசியர்க்கும் இவ்வளவுகோல் அயலானதன்று. மகனைப் பெறாத அரசியின் நிலை மன்னனின் விருப்பத்தில் மட்டுமே தொங்கியது.

புரூன்ஹில்டாவின் உடன்பிறந்த கல்ஸ்வின்தாவின் வாழ்வு இதற்குச் சான்று. சிகிபெர்ட்டின் உடன்பிறந்தவனான சில்பெரிக் அவரைப் பெருஞ்சீருடன் மணந்தான். சில காலத்திற்குள் அவர் படுக்கையில் கழுத்து நெரிக்கப்பட்டுக் கிடந்தார். சில நாட்களிலேயே மன்னன் பிரெடெகுண்டாவை மணந்துகொண்டான்.

3. அதிகாரத்தின் மூன்று ஊன்றுகோல்கள்

பதவி என்னும் பாதுகாப்பு இல்லாத நிலையில் அரசியரின் அதிகாரம் மூன்று ஊன்றுகோல்களைச் சார்ந்திருந்தது எனலாம்: செல்வம், மகன், ஆயர்.

3.1 செல்வம்: திருமணத்தின் மறுநாள் காலையில் கணவன் மனைவிக்கு வழங்கும் காலைக்கொடை பிராங்கியரிடையே வழக்கிலிருந்தது. கல்ஸ்வின்தா பெற்ற கொடை போர்தோ, லிமோஷ், கவோர் உள்ளிட்ட ஐந்து நகரங்கள். அவர் இறந்தபின் அந்நகரங்கள் யாருக்கு என்னும் வழக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நீடித்தது. 587இல் ஆந்தெலோ உடன்படிக்கையில் கவோர் உடனடியாகப் புரூன்ஹில்டாவுக்கு உரியதாயிற்று; எஞ்சிய நான்கும் குந்த்ராம் மன்னனின் வாழ்நாளுக்குப் பின் அவரையோ அவர் வழித்தோன்றலையோ சேரும் என முடிவாயிற்று. கொலையுண்ட தமக்கையின் கொடையைத் தங்கை அரசர்களிடையே எழுதப்பட்ட ஆவணத்தின்வழி மீட்டது, பெண்ணின் சொத்துரிமைக்கு இக்காலம் தந்த அரிய சான்றாகும்.

அசையும் செல்வமும் இன்றியமையாதது. 584இல் பிரெடெகுண்டாவின் மகள் ரிகுந்தா ஐம்பது வண்டிச் சீர்ப்பொருளுடன் ஸ்பெயினுக்கு அனுப்பப்பட்டார். கருவூலம் வெறுமையாகிவிடும் என்று முணுமுணுத்த பெருமக்களிடம், அவை கருவூலத்துப் பொருள்கள் அல்ல, தம் கணவர் தந்தவையும் தம் நிலங்களிலிருந்து தாமே ஈட்டியவையும் என்று பிரெடெகுண்டா விளக்கியதாகக் கிரெகோரி எழுதுகிறார். அரசிக்குத் தனிச்செல்வம் உண்டு என்பதும், அதனை அவரே ஈட்டிப் பெருக்கினார் என்பதும் இதனால் புலனாகின்றன. ஆனால் சில்பெரிக் கொலையுண்ட செய்தி துலூசை எட்டியதும் அச்சீர்ப்பொருள் கொள்ளைபோயிற்று. மன்னன் உள்ளவரைதான் அரசியின் பெட்டிக்குக் காவல்.

3.2 மகன்: 575இல் சிகிபெர்ட் கொல்லப்பட்டபோது புரூன்ஹில்டா பாரீசில் இருந்தார். சில்பெரிக் அவர் செல்வத்தைப் பறித்து அவரை ருவான் நகருக்கு அனுப்பினான். ஐந்து வயது மகன் சில்தெபெர்ட்டைக் குந்தோவால்ட் என்னும் தளபதி மீட்டுக் கொண்டுபோய் ஆஸ்திரேசியாவின் மன்னனாக்கினார். தாய்க்கு மீண்டும் எழ வழி கிடைத்தது அம்மகனால்தான். ஆயினும் மகன் மன்னனானதும் தாய் ஆள்பவராகிவிடவில்லை. ஆஸ்திரேசியப் பெருமக்கள் தளபதி லூப்புசைத் தாக்க முற்பட்டபோது புரூன்ஹில்டா போர்க்கோலம் பூண்டு இரு படைகளுக்கும் நடுவே நின்றார். கணவன் காலத்தில் ஆண்டது போதும், இப்போது அரசைக் காப்பது நாங்களே என்னும் பொருள்பட உர்சியோ என்பவன் அவரை எச்சரித்ததாகக் கிரெகோரி பதிவுசெய்கிறார். அரசியின் அதிகாரம் எவ்வளவு எளிதில் மறுக்கப்படக்கூடியது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

பிரெடெகுண்டாவின் நிலையும் இதுவே. 584இல் சில்பெரிக் மறைந்தபோது அவர் மகன் குளோத்தார் நான்கு மாதக் குழந்தை. அக்குழந்தை சில்பெரிக்கின் மகன்தானா என்று குந்த்ராம் ஐயுற்றபோது, ஆயர் மூவரும் பெருமக்கள் முந்நூற்றுவரும் சூளுரைத்த பின்னரே ஐயம் நீங்கியது. ஓர் அரசியின் எதிர்காலம் முழுதும் அச்சூளுரையில் அடங்கியிருந்தது.

3.3 ஆயர்: நகரங்களின் செல்வமும் மக்களின் மதிப்பும் ஆயர்களிடம் குவிந்திருந்தன. ஆகவே தமக்கு இணக்கமானவரை ஆயராக்குவதும் பிணக்குற்றவரை நீக்குவதும் எல்லா ஆட்சியாளரும் மேற்கொண்ட அரசியல் வழியாகும். அரசியர்க்கு இது மேலும் இன்றியமையாதது. போர்ப்படையை நேரே நடத்தும் உரிமை அவர்கட்கு எளிதில் கிடைக்கவில்லை. ஆனால் ஆயரைப் பகைத்தால் அப்பகை எழுத்தாகி நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கும். இக்கட்டுரையின் மையம் இவ்விடத்தில் தொடங்குகிறது.

4. ஒரே பெயர், இரு அரசியர்

சில்தெபெர்ட் 596இல் இறந்தபின் புரூன்ஹில்டா தம் பெயரர்களான தியூதெபெர்ட், தியூதெரிக் ஆகியோரின் பெயரால் ஆண்டார். ஆஸ்திரேசியாவிலிருந்து வெளியேற்றப்பட்டுப் பர்கண்டியில் தியூதெரிக்கிடம் தங்கினார். வியேன் ஆயர் தெசிதேரியுஸ் 603இல் ஷலோன் மன்றத்தில் பதவி நீக்கப்பட்டுப் பின்னர்க் கல்லெறிந்து கொல்லப்பட்டார். பழி புரூன்ஹில்டாமேல் விழுந்தது. தியூதெரிக்கின் மணவாப் பிள்ளைகளுக்கு ஆசி வழங்க மறுத்த கொலும்பானுஸ் 610இல் நாடுகடத்தப்பட்டார். யோனாஸ் அவரை யேசபேல் ஆக்கியது இந்நிகழ்ச்சியை வைத்தே. இறைவாக்கினர் எலியாவைத் துரத்திய அரசியின் பெயர், துறவியைத் துரத்திய அரசிக்குச் சூட்டப்பட்டது.

அரை நூற்றாண்டுக்குப்பின் பால்தில்டாவின் ஆட்சி. அரண்மனை முதல்வர் எர்க்கினோவால்டின் வீட்டில் அடிமையாய்ப் பணிபுரிந்தவரை இரண்டாம் குளோவிஸ் மணந்தான். 657இல் கணவன் இறந்தபின் மூத்த மகன் மூன்றாம் குளோத்தாரின் பெயரால் ஏறத்தாழ எட்டாண்டுகள் ஆண்டார். கிறித்தவ அடிமைகளை நாட்டுக்கு வெளியே விற்பதைத் தடுத்தார். தம் இனத்தார் உட்படப் பலரை விலைகொடுத்து விடுவித்தார். ஆயர் பதவி விற்பனையை எதிர்த்தார். கோர்பி, ஷெல் ஆகிய மடங்களை நிறுவினார். செயிந்தெனி, தூர் புனித மார்ட்டின் முதலான பெருங்கோவில்களில் ஒழுங்கான துறவு வாழ்வைப் புகுத்தி, அவற்றுக்கு ஆயரின் தலையீட்டிலிருந்து விலக்கு பெற்றுத் தந்தார்.

இவ்விலக்குகள் அருட்செயல்கள் மட்டுமல்ல. ஆயர்களின் பிடியிலிருந்து பெரிய மடங்களை விடுவித்து அரசகுலத்தோடு நேரே பிணைத்த அரசியல் நடவடிக்கையும் ஆகும். லியோனில் ஆயர் ஆவுனெமுந்து கொல்லப்பட்டார். அரசியின் அறக்கொடைகளைக் கவனித்துவந்த கெனேசியுஸ் அவ்விடத்தில் அமர்த்தப்பட்டார்.

ஆவுனெமுந்துவின் ஆதரவைப் பெற்ற இளைஞர் ஒருவர் இங்கிலாந்து திரும்பிப் பின்னாளில் ஆயரானார். அவர் வில்பிரிட். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் வரலாற்றை எழுதிய ஸ்டீபன், பால்தில்டாவே ஒன்பது ஆயர்களைக் கொல்வித்தார் என்றும் அவர் யேசபேலைப் போன்றவர் என்றும் எழுதினார். லியோன் ஆயரை அவர் தால்பினுஸ் என்னும் பெயரால் குறிக்கிறார். ஒன்பது என்னும் தொகைக்கு வேறு மூலங்களில் ஆதரவில்லை. எனினும் சாட்டு புரூன்ஹில்டாவின்மேல் எழுந்ததைவிடச் சிறியதன்று; ஆயர் ஒருவரின் கொலைக்கு எதிரே ஆயர் ஒன்பதின்மரின் கொலை. இருந்தும் புரூன்ஹில்டாவின் யேசபேல் பெயர் ஒட்டிக்கொண்டது, பால்தில்டாவினது உதிர்ந்தது.

5. ஷெல் மடமும் அதன் எழுத்தும்

பால்தில்டாவின் வரலாறு அவர் இறந்த சில ஆண்டுகளுக்குள் எழுதப்பட்டது. எழுதியவர் ஷெல் மடத்தோடு நெருங்கிய தொடர்புடையவர். அம்மடத்துத் துறவியே எழுதினார் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். ஆட்சியை விட்டு ஷெல் மடம் புகுந்த அரசி, தம்மால் அழைக்கப்பட்ட மடத்தலைவி பெர்த்திலாவுக்குக் கீழ்ப்படிந்து, எளிய பணிகளையும் செய்து வாழ்ந்ததை அந்நூல் நேரில் கண்டார் கூற்றாகச் சித்திரிக்கிறது.

அந்நூலை ஊன்றிப் படித்தால் அவர் துறவு முற்றிலும் தாமே விரும்பியதன்று என்பது தெரியவரும். பாரீஸ் ஆயர் சிகோபிராந்து பெருமக்களால் கொல்லப்பட்டார். அரசி அதற்காகத் தம்மைத் தண்டிக்கக்கூடும் என்று அஞ்சிய அவர்கள், முன்பு தடுத்துவந்த துறவுக்கு உடனே இசைந்தனர் என்று நூலாசிரியரே எழுதுகிறார். அதிகாரம் பறிக்கப்பட்டமையை இறைவனின் திருவுளமாக மாற்றிப் படைத்தது மடத்தின் எழுத்து.

அதே நூல் பால்தில்டாவை முன்னைய அரசியரோடு ஒப்பிடுகிறது. குளோவிசின் மனைவி குளோதில்டா, முதலாம் சில்தெபெர்ட்டின் மனைவி உல்த்ரோகோதா, ராடெகுண்டா ஆகிய மூவரே அங்கு இடம்பெறுகின்றனர். அம்மூவரைப் போலவே மடம் நிறுவிய புரூன்ஹில்டா இல்லை. பால்தில்டாவின் கணவனுக்குப் பூட்டியான பிரெடெகுண்டாவும் இல்லை. ஓர் அரசியின் நினைவு நிலைபெறும் அதே பக்கத்தில் இன்னும் இரு அரசியரின் நினைவு விடுபடுகிறது.

ஷெல் நகரில் காக்கப்படும் ஆடையும் இவ்விடத்தில் கருதத்தக்கது. மெல்லிய துணியில், கழுத்திலிருந்து மார்புவரை மணிமாலைகளும் சிலுவைப் பதக்கமும் வண்ண நூலால் தைக்கப்பட்டுள்ளன. பொன்னணிகளைத் துறந்த அரசி, அவற்றின் வடிவை நூலால் மட்டும் தாங்கினார் எனக் கொள்ளலாம். துறந்த பின்னரும் அவர் அரசி என்பதை மடம் மறக்கவில்லை.

6. ஒப்பீட்டுச் சான்றுகள்: ராடெகுண்டா, பிரெடெகுண்டா

இக்கருதுகோளை வேறிரு அரசியரின் வாழ்வைக்கொண்டு சோதிக்கலாம்.

ராடெகுண்டா துரிஞ்சிய இளவரசி. 531இல் அவர் நாடு அழிந்தபோது முதலாம் குளோத்தார் அவரைச் சிறைப்பிடித்துப் பின்னர் மணந்தான். தம் உடன்பிறந்தானை மன்னன் கொல்வித்தபின் அவர் அரண்மனையை விட்டு நீங்கி, புவாத்தியே நகரில் மடம் அமைத்தார். 569இல் கான்ஸ்டாண்டிநோப்பிளிலிருந்து திருச்சிலுவையின் துண்டை வரவழைத்தார். கணவனை விட்டு நீங்கியவர், மகனைப் பெறாதவர், உள்ளூர் ஆயர் மாரோவேயுசின் ஆதரவை இழந்தவர். அவர் 587இல் மறைந்தபோது அடக்கச் சடங்கை நடத்தியவர் தூர் ஆயர் கிரெகோரியே. மூன்று ஊன்றுகோல்களும் வலுவின்றியிருந்தும் அவர்க்கு இரு வரலாறுகள் எழுந்தன. வெனான்சியுஸ் பொர்த்துனாத்துஸ் அவர்தம் கடுந்தவத்தைப் போற்றினார். அதன்பின், அவர் சொல்லாமல் விட்டவற்றை எழுதுமாறு மடத்தார் வேண்ட, பௌதோனிவியா என்னும் துறவி இரண்டாம் நூலை எழுதினார். போரிடும் மன்னர்களுக்கு மடல் விடுத்துச் சமாதானம் வேண்டிய அரசியை நாம் காண்பது அப்பெண்ணின் எழுத்திலேதான். பொர்த்துனாத்துஸ் மட்டும் எழுதியிருந்தால் ராடெகுண்டாவின் அரசியல் முகம் பெரிதும் மறைந்திருக்கும்.

பிரெடெகுண்டாவின் வரலாறு மறுதலையானது. 597இல் இயற்கையாகவே இறந்து, பாரீசில் கணவரின் அருகே அடக்கம் செய்யப்பட்டார். அவர் மகன் 613இல் பிராங்கிய நாடு முழுவதையும் ஒருகுடைக்கீழ்க் கொணர்ந்தான். வெற்றியே நினைவைக் காக்கும் எனின், அவர் நினைவே சிறந்திருத்தல் வேண்டும். நிகழ்ந்தது அதுவன்று. 727இல் அவர் மரபு ஆண்ட நியூஸ்திரியாவிலேயே எழுதப்பட்ட பிராங்கியர் வரலாற்று நூல், அவர் கள்ளக்காதல் வெளிப்பட்டதும் கணவனைக் கொல்வித்தார் என்று கதை சொல்கிறது. அதற்கு முன்னரே பிரெடெகார் நூல் சில்பெரிக்கைக் கொல்வித்தவர் புரூன்ஹில்டா என்று எழுதியிருந்தது. சமகாலத்தவரான கிரெகோரியோ அக்கொலையை விவரிக்குமிடத்தில் அதை ஏவியவர் இன்னார் என்று கூறவில்லை. விடை தெரியாத ஒரு கொலைக்கு விடையாக இரு நூல்களும் இரு அரசியரை நிறுத்தின. பிரெடெகுண்டாவுக்காக எழுதுவதற்கு வென்ற மகன் இருந்தான், மடம் இல்லை.

7. புரூன்ஹில்டாவின் இழப்பு

புரூன்ஹில்டா மடங்களை நிறுவாதவர் அல்லர். ஓத்தன் நகரில் புனித மார்ட்டின் மடத்தையும், பெண்களுக்கான மடத்தையும், வழிப்போக்கர் விடுதியையும் அவர் ஏற்படுத்தியதைத் திருத்தந்தை கிரெகோரியின் 602ஆம் ஆண்டு மடல்கள் உறுதிசெய்கின்றன. அவர் எச்சங்கள் அப்புனித மார்ட்டின் மடத்திலேயே அடக்கம் செய்யப்பட்டன. ஆனால் அவர் அம்மடங்களில் ஒருநாளும் துறவியாக வாழவில்லை. இறுதிவரை ஆட்சியிலேயே நின்றார். அவரோடு உண்டு, உறங்கி, அவர் சாவைக் கண்ட ஒரு பெண்கள் குழு அவர்க்கு அமையவில்லை.

இரண்டாவது, எழுதத்தக்க வழித்தோன்றலும் எஞ்சவில்லை. தியூதெரிக்கின் புதல்வர் நால்வருள் சிகிபெர்ட்டும் கோர்புசும் குளோத்தாரால் கொல்லப்பட்டனர், சில்தெபெர்ட் தப்பியோடினான், மெரோவெக் குளோத்தாரின் ஞானமகன் என்பதால் உயிர்பிழைத்தான். புரூன்ஹில்டாமேல் சாட்டப்பட்ட பத்து அரசர் பட்டியலில் தியூதெரிக்கின் புதல்வர் மூவரும் எண்ணப்பட்டுள்ளனர். அவர்களைக் கொல்வித்தவனே அப்பழியைச் சுமத்தினான். பட்டியலில் அவர் கணவர் சிகிபெர்ட்டின் பெயரும் உண்டு. அக்கொலைக்குக் கிரெகோரி பழிப்பது பிரெடெகுண்டாவை, அதாவது தீர்ப்பளித்த மன்னனின் தாயை. இவ்வாறு தாயின் குற்றங்களும் மகனின் குற்றங்களும் இறந்துபடப் போகும் ஒருவர்மேல் ஏற்றப்பட்டன.

இருவரும் முற்றிலும் ஒத்தவர் என்று இக்கட்டுரை வாதிடவில்லை. பால்தில்டா உறவினரோடு போர் நடத்தவில்லை. அவர் ஆட்சி எட்டாண்டுகளே நீடித்தது. அவர் புதல்வர் மூவரும் மன்னர்களாயினர். புரூன்ஹில்டாவின் இறுதியாண்டுகளில் பெயரர் இருவரும் ஒருவரையொருவர் எதிர்த்துப் போரிட்டனர். அப்போரில் அவர் தியூதெரிக்கின் பக்கம் நின்றவர். ஆயின், செயல்களின் வேறுபாடு தண்டனையையும் புகழையும் ஓரளவே விளக்கும். ஆயர்களோடு கொண்ட பகையை வைத்து இருவர்க்கும் ஒரே பழிப்பெயர் வழங்கப்பட்டபின், ஒருவரிடத்து மட்டும் அது ஏன் நிலைத்தது என்பதை அவ்வேறுபாடு விளக்காது.

முடிவுரை

இதுவரை ஆராய்ந்தவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. மெரோவிஞ்சிய அரசியின் அதிகாரம் பதவி சாராதது; செல்வம், மகன், ஆயர் என்னும் மூன்றையும் ஒருங்கே பிடித்து நிற்கும் ஆற்றலைப் பொறுத்தது. அம்மூன்றில் ஆயரோடு கொண்ட உறவே எழுத்துச் சான்றுகளில் மிகுதியும் பதிந்துள்ளது. பகை கொண்ட அரசியர்க்கு யேசபேல் என்னும் பெயர் ஆயத்தமாக இருந்தது. அப்பெயரைத் துடைக்கும் வலிமை ஆட்சி வெற்றிக்கு இல்லை என்பதைப் பிரெடெகுண்டாவும், மடம் நிறுவுதல் மட்டும் போதாது என்பதைப் புரூன்ஹில்டாவும் காட்டுகின்றனர். அரசி தாமே சேர்ந்து வாழ்ந்த மடமும், அம்மடத்துப் பெண்களின் எழுத்துமே ராடெகுண்டாவையும் பால்தில்டாவையும் காத்தன.

ஆகவே மெரோவிஞ்சிய அரசியரைக் கொடியவர், புனிதர் என இரு கூறாக்கும் மரபுவழிப் பகுப்பு, அவர்தம் ஆட்சியைப் பற்றிச் சொல்வதினும் அவர் இறந்தபின் யார் எழுதினார் என்பதைப் பற்றியே மிகுதியும் சொல்கிறது. வடபிரான்சிலும் பெல்ஜியத்திலும் பழைய உரோமானியச் சாலைகள் பல இன்றும் புரூன்ஹில்டாவின் பெயரால் வழங்குகின்றன. யோனாசும் பிரெடெகார் நூலும் எழுதாத வேறொரு புரூன்ஹில்டா அச்சாலைகளின் பெயரில் எஞ்சியிருக்கிறார். திருத்தந்தையின் மடல்களையும் ஆந்தெலோ உடன்படிக்கையையும் யோனாசுக்கு முன்னே வைத்துப் படிப்பதே அவரை மீட்டறியும் வழியாகும்.